ஒழுக்கின் ஊற்றுக்கண்



இயந்திரத்தில் எண்ணெய் ஒழுகினால் அது எங்கிருந்து ஒழுகுகின்றது என்று கண்டறிவது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள். கலைப் பட்டதாரியாகி, முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகைக்கு முன்னே நின்று, இப்பொழுது அரசாங்கப் பாடசாலை ஒன்றின் அதிபராக இருக்கும் ஒருவனுக்கும் இயந்திர எண்ணெய்க்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். வினா நியாயமானதே. எனினும் தமிழிலே ‘ஒழுக்கு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உள்ளன. கூரையினின்றும் குடத்தினின்றும் நீர் கசிந்து வடிவதும் ஒழுக்கு. மனிதன் நடந்து கொள்ளும் முறையும் ஒழுக்கு. சில ஆண்டுகளுக்கு முன்னர் இவ்விரண்டும் ஒரே நிகழ்ச்சியில் என் முன்னே வந்து நின்றன. முதலாவதை நான் அறியேன். இரண்டாவதை நன்கு அறிவேன் என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைச் சொல்லவே வந்திருக்கின்றேன்.

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தை அறியாத நேயர்களுக்கு ஓரிரு சொற்கள். பாலாவியில் உப்பளங்களைக் கடந்து வடமேற்கே திரும்பினால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். அதனையும் கடந்து சென்றால் தலவில், பின்னர் கற்பிட்டி. அங்கே 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை இன்றும் நிற்கின்றது. இந்த ஒடுங்கிய நிலத்துக்கு மேற்கே மன்னார் வளைகுடா. கிழக்கே அமைதியான புத்தளம் களப்பு. இரண்டுக்கும் நடுவே வாழும் மக்களுக்குப் படகே கால், படகின் இயந்திரமே மூச்சு.

இன்று இக்கரையிற் காணப்படும் படகுகளிற் பெரும்பாலானவை கண்ணாடியிழைப் படகுகள். அவற்றின் பின்புறத்தில் மாட்டப்படும் இயந்திரங்களிற் பலவற்றில் எண்ணெயை எரிபொருளோடு கலந்தே ஊற்றுவார்கள். அது எரிந்து போவதே முறை. ஆனால், 1958ஆம் ஆண்டளவில் மீன்பிடியை இயந்திரமயமாக்கும் திட்டத்தின்கீழ் நம் நாட்டிற் பரவிய மூன்றரைத் தொன் படகின் அமைப்பு வேறு. அதன் நடுவயிற்றில் டீசல் இயந்திரம் இருக்கும். அடித்தொட்டியில் எண்ணெய் நிற்கும். ஒரு பம்பி அதனை உறிஞ்சி, அழுத்தத்தோடு ஒவ்வொரு தாங்கிக்கும் அனுப்பும். எண்ணெய் தன் வேலையை முடித்துத் தொட்டிக்குத் திரும்பி வடியும். சுழலும் தண்டுக்கும் அதனைத் தாங்கும் உலோகத்துக்கும் இடையே மயிரிழையிலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நிற்கின்றது. அப்படலம் உள்ளவரை உலோகம் உலோகத்தைத் தொடாது. அது அற்றுப் போயின், சில நிமிடங்களிலேயே இயந்திரம் இறுகிவிடும். கரையில் அவ்வாறு நேரின் பணச் செலவு மட்டுமே. கச்சான் காற்றடிக்கும் நாளொன்றில் வளைகுடாவின் நடுவே நேரின் நான்கு உயிர்கள்.

அத்தகைய பழைய படகொன்று என் மைத்துனருக்கு இருந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள்; மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையிற் கிடந்தன; எண்ணெயின் விலை ஏழையின் கைக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. நெருக்கடி சற்றுத் தணிந்து படகு மீண்டும் கடலுக்குச் செல்லத் தொடங்கிய மாதங்களிலேதான், அதன் இயந்திரத்தில் எண்ணெய் குறைந்துகொண்டே வருவதை மைத்துனர் கண்டார். ஊற்ற ஊற்ற அளவு இறங்கிற்று.

இயந்திரத்தின் அடியிற் கறுத்த துளிகள் சொட்டுவது தெரிந்தது. அருகிலிருந்த கராஜ் ஒன்றிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். துளி அடித்தொட்டியின் விளிம்பிலிருந்து விழுகின்றது. ஆகவே அவ்விளிம்பின் கஸ்கெற்றை மாற்ற வேண்டும் என்றார். அதற்காக இயந்திரத்தையே தூக்க வேண்டியிருந்தது. மூன்று நாள் தொழில் போயிற்று, பணமும் போயிற்று. நான்காம் நாள் அதே இடத்தில் அதே துளி சொட்டிற்று.

அப்போதுதான் மைத்துனரின் மனம் வேறொரு பக்கம் சென்றது. படகையும் இயந்திரத்தையும் இரவிற் காவல் காத்தவன் ஓர் இளைஞன். என் பாடசாலையிற் படித்தவன். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவன். “படகு வேலைக்கு நல்ல பொடியன்” என்று மைத்துனரிடம் அவனைச் சேர்த்துவிட்டவனும் நானே. அவனுடைய நற்சான்றுப் பத்திரத்திற் கையொப்பம் இட்டவனும் நானே.

“மச்சான், இவ்வளவு எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் போக முடியாது. போத்தலிற் போகின்றது. நீங்கள் சேர்த்துவிட்ட பிள்ளை, நீங்களே கேளுங்கள்” என்றார் மைத்துனர்.

நான் கேட்டேன். நேயர்களே, அந்தக் கேள்வியை நான் கேட்ட முறையை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கின்றது. “திருடினாயா?” என்று நான் கேட்கவில்லை. “உனக்கு ஏதும் கஷ்டம் இருந்தால் என்னிடம் சொல்லியிருக்கலாமே” என்று இரக்கத்தோடு சொன்னேன். இரக்கம் என்று நான் எண்ணிய அந்தச் சொல்லுக்குள்ளே தீர்ப்பு முழுவதும் எழுதப்பட்டிருந்தது. அவன் என்னை நிமிர்ந்து பார்த்து, “சேர், நான் எடுக்கல்ல” என்றான். மூன்றே சொற்கள். மறுநாளிலிருந்து என்னைக் கண்டால் வேறு ஒழுங்கையால் நடக்கத் தொடங்கினான்.

அந்த நிலையில் ஒருநாள், இழுவைப் படகுகளின் இயந்திரங்களோடு தம் வாழ்நாளைக் கழித்த முதியவர் ஒருவரை அழைத்து வந்தோம். கரையில் எல்லாரும் அவரைப் பாஸ் என்றே அழைப்பார்கள். வந்தவர் கருவிப் பெட்டியைத் திறக்கவில்லை. படகின் விளிம்பில் அமர்ந்து கேள்வி கேட்கத் தொடங்கினார். எண்ணெய் எப்போது குறைகின்றது? ஓடும்போதா, நிற்கும்போதா? எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு எவ்வளவு? அளவு பார்ப்பது இயந்திரம் ஆறிய பின்னரா, ஓடிய சூட்டிலா? படகு சமமாக நின்றபோதா, சரிந்து கிடந்தபோதா? இவற்றில் ஒன்றுக்காவது எங்களிடம் விடை இல்லை.

“அப்படியானால் நீங்கள் எண்ணெய் போவதைப் பார்க்கவில்லை, பயத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள்” என்று சிரித்தார். பிறகு என்னை நோக்கி, “மாஸ்டர், பாடசாலையில் ஒரு பயிற்சிக் கொப்பியும் கொஞ்சம் வெண்கட்டியும் கிடைக்குமா?” என்று கேட்டார். கொப்பியை மைத்துனரிடம் கொடுத்து, படகு புறப்படுமுன் ஒருமுறையும், திரும்பி வந்து இயந்திரம் ஆறிய பின் ஒருமுறையும், அளவுகோலைத் துடைத்துவிட்டு எண்ணெயின் மட்டத்தைப் பார்த்துத் தம் கையாலேயே குறித்து வைக்கும்படி பணித்தார். வெண்கட்டி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாட் காலை இயந்திரம் முழுவதையும் மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவினார். பின்னர் சவர்க்கார நீராற் கழுவி, பழந்துணியால் ஈரம் போகத் துடைத்தார். பல ஆண்டுகளாகப் படிந்திருந்த கருமை நீங்க, அதன் பழைய பச்சை வண்ணம் வெளிப்பட்டது. அழுக்கின்மேல் ஒழுகும் எண்ணெய் தன் வழியைக் காட்டாது. ஆதலால் முதலிற் கழுவு, பிறகு தேடு என்பது அவருடைய முதல் விதி. பிறகு வெண்கட்டியைப் பொடி செய்து, ஒரு மெல்லிய துணியிற் கட்டி, இயந்திரத்தின்மேல் மாவு தூவுவதுபோல் தூவினார். இயந்திரத்தைக் கால் மணி நேரம் ஓட்டி நிறுத்தினார்.

கைவிளக்கை எடுத்து மேலிருந்து கீழாகப் பார்த்தார். கீழிருந்து மேலாக அன்று. இது அவருடைய இரண்டாவது விதி. எண்ணெய் தன் பாரத்தினால் இறங்கும்; சுழலும் சில்லின் காற்று அதனைப் பின்புறமாகத் தள்ளும்; தாழ்ந்த ஆணியைக் கண்டதும் அங்கே தங்கித் துளியாகும். ஆகவே துளி விழும் இடம் பயணத்தின் முடிவேயன்றித் தொடக்கம் அன்று. ஈரம் தெரியும் இடங்களுள் மிக உயர்ந்தது எது என்பதே கேள்வி. வெள்ளைப் பொடியின் நடுவே நூலிழை போன்ற கறுத்த கோடு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அது இயந்திரத்தின் உச்சியில், தலைமூடியின் பின்மூலையில் தொடங்கி, சுவரோடு வளைந்திறங்கி அடித்தொட்டியின் விளிம்பை அடைந்திருந்தது. மூன்று நாளும் பணமும் செலவழித்து நாங்கள் மாற்றியது ஒழுக்கின் வாயை அன்று, அதன் வாலை.

தலைமூடியின் கீழிருந்த தக்கைப் பட்டையை மாற்றினால் முடிந்தது என்று எண்ணினோம். முதியவர் விடவில்லை. “இந்தப் பட்டை ஏன் போயிற்று?” என்று கேட்டார். இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளே சேரும் ஆவியும் காற்றும் வெளியேற ஒரு மூச்சுக்குழாய் உண்டு. அதனைக் கழற்றி ஊதிப் பார்த்தார், காற்றுப் போகவில்லை. பல ஆண்டு எண்ணெய்க் கசடு அதனை அடைத்திருந்தது. மூச்சு விட வழியற்ற இயந்திரம் உள்ளழுத்தத்தினால் எண்ணெயைக் கிடைத்த இடுக்கு வழியே வெளியே தள்ளிற்று. போதாததற்கு, கசிவு கண்டவர்கள் ஆணிகளை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தனர். அதனால் தக்கை பிளந்து, மூடியின் விளிம்பும் வளைந்திருந்தது. குழாயைச் சுத்தம் செய்து, விளிம்பை நேர்செய்து, புதிய பட்டையை வைத்து, ஆணிகளைச் சமமாக, அளவாக இறுக்கினார். படகின் அடி உலர்ந்தது. துளி நின்றது.

ஆனால் எண்ணெய் குறைவது நிற்கவில்லை. ஒரு கிழமை சென்றது. கொப்பியிற் கணக்கு இறங்கிக்கொண்டே வந்தது; முன்னரிலும் குறைவாகவேனும் இறங்கிற்று. இப்போதோ படகிற் சொட்டு எண்ணெயும் இல்லை. மைத்துனரின் ஐயம் உறுதியாயிற்று. “ஒழுக்கு அடைபட்டுவிட்டது. எண்ணெய் மட்டும் போகின்றது. இனி என்ன சாட்சி வேண்டும்?” என்றார். நேயர்களே, நானும் அவ்வாறே எண்ணினேன் என்பதை மறைக்க மாட்டேன்.

முதியவர் கொப்பியை வாங்கி விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். பிறகு எங்களிடமே நீட்டினார். படகு ஐந்து மணி நேரம் ஓடிய நாளில் ஏறக்குறைய அரை லீற்றர் குறைந்திருந்தது. பத்து மணி நேரம் ஓடிய நாளில் ஏறக்குறைய ஒரு லீற்றர். காற்று மிகுந்து படகு கரையிற் கிடந்த இரண்டு நாட்களிலும் இரண்டு இரவுகளிலும் எண்ணெய் ஒரு கோடும் இறங்கவில்லை. “கள்ளன் இரவில் வருவான், படகு கட்டிக் கிடக்கும்போது வருவான். இந்த எண்ணெய் நான்கு பேர் ஏறி ஓட்டும்போது மட்டுந்தான் போகிறது. எந்தக் கள்ளன் இயந்திரம் ஓடும்போது வந்து திருடுவான்?” என்று கேட்டார்.

எங்கள் இருவர் வாயிலும் சொல் வரவில்லை. பத்து நாட் கணக்கு ஒரு பிள்ளையின் மானத்தை மீட்டது. அக்கணக்கை முதலிலேயே எடுத்திருந்தால் அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே தேவையில்லை.

இனி எண்ணெய் போகும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். இயந்திரத்திலிருந்து எண்ணெய் மூன்று வழிகளிலேயே போக முடியும் என்று முதியவர் விளக்கினார். வெளியே வடியலாம்; உள்ளே எரிந்து புகையாகலாம்; குளிர்நீரோடு கலந்து கடலுக்குப் போகலாம். முதல் வழி அடைபட்டுவிட்டது. இரண்டாவதை அறியப் புகைக்குழாயின் வாயைக் கவனித்தார். எண்ணெய் எரிந்தால் புகை நீலமாக வரும், நீலம் இல்லை. எஞ்சியது மூன்றாவது.

அடுத்த நாள் விடியற்காலை, காற்று அடங்கிய வேளையில், மற்றப் படகுகள் கட்டிக் கிடக்கும் இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளிக் களப்பின் நடுவே படகைக் கொண்டு சென்றார். படகுத்துறையின் நீரில் எந்நேரமும் யாருடைய எண்ணெயாவது மிதக்கும். ஆழ்கடலிலோ அலை எல்லாவற்றையும் கலைத்துவிடும். அதனாலேயே இதுவரை எவர் கண்ணிலும் அது படவில்லை. குளிர்நீர் வெளியேறும் குழாய்க்கு நேரே ஒரு வெள்ளை எனாமல் வாளியைப் பிடித்தார். சிறிது நேரத்தில் வாளி நீரின்மேல் வானவில்லின் வண்ணங்கள் படர்ந்தன.

எண்ணெய்ப் படலம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிப்பே ஆயினும் ஒளிபட்டு இவ்வண்ணங்களைக் காட்ட வல்லது. அத்தடிப்பிற் பரவினால் ஒரு லீற்றர் எண்ணெய் ஆயிரம் சதுர மீற்றர் நீர்ப்பரப்பை மூடிவிடும். கண்டலும் இறாலும் மீன்குஞ்சும் வளரும் நம் களப்பை எண்ணிப் பாருங்கள். எங்கள் படகு நாள்தோறும் அதனைச் செய்துகொண்டிருந்தது. அயலான் ஒருவனைச் சந்தேகித்துக் கொண்டிருந்த நாங்களே அத்தனை நாளும் அயலார் அனைவரின் நீரையும் கெடுத்துக் கொண்டிருந்தோம்.

அவ்வியந்திரத்தில் எண்ணெயைக் குளிரவைக்க ‘ஒயில் கூலர்’ என்னும் உருளை ஒன்று உண்டு. அதனுள்ளே பல மெல்லிய குழல்கள். குழலின் ஒருபுறம் கடல்நீர். மறுபுறம் சூடான எண்ணெய். இயந்திரம் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் நீரின் அழுத்தத்தைவிட மிகுதி; ஆகவே குழலில் ஊசித்துளை விழுந்தால் எண்ணெயே நீருக்குள் நுழையும். நின்ற பின்னர் கடல்நீர் எண்ணெய்க்குள் நுழையவும் கூடும். அவ்வாறு நுழைந்தால் எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளிறும், இயந்திரமும் கெடும். எங்கள் நல்லூழ், அந்த நிலை இன்னும் வரவில்லை. முதியவர் உருளையைக் கழற்றி, ஒரு வாயை அடைத்து, மறுவாயில் துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடிக்கும் பம்பியைப் பொருத்தி, நீர் நிறைந்த தொட்டியில் அமிழ்த்தினார். ஒரு குழலிலிருந்து சின்னஞ்சிறு குமிழிகள் மாலைபோல் எழுந்தன. ஒழுக்கின் ஊற்றுக்கண்ணை அன்று கண்டோம்.

அப்போதும் அவர், “இது ஏன் வந்தது?” என்றே கேட்டார். கடல்நீர் படும் உலோகங்கள் அரிக்கப்படாதிருக்க அவ்வுருளையில் துத்தநாகத் துண்டு ஒன்று வைக்கப்படும். கடல்நீர் மற்ற உலோகங்களை விட்டு அத்துண்டையே முதலில் தின்னும். அது தேய்ந்ததும் மாற்ற வேண்டும். திருகாணியைக் கழற்றியபோது அதன் முனையில் துத்தநாகம் என்று சொல்ல ஒரு பொட்டும் இருக்கவில்லை. காவல் போயிற்று; குழல் அரிபட்டது. மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டார். முன்னைய ஆண்டு அதனை மாற்ற வேண்டும் என்று ஒருவன் சொல்லியிருந்தான். விலை அதிகம், பிறகு பார்க்கலாம் என்று இவரே தள்ளி வைத்திருந்தார். சொன்னவன் யார் தெரியுமா? யாரைத் திருடன் என்று நினைத்தோமோ, அந்தப் பிள்ளையேதான்.

அன்று மாலை அவனுடைய வீட்டுக்குச் சென்றேன். அதிபர் ஒருவர் பழைய மாணவனின் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்பது வழக்கம் அன்று. அவனுடைய தாயார் பதறிப் போய்க் கதிரை எடுத்து வைத்தார். நான் நின்றபடியே கேட்டேன். “நான் எடுக்கல்ல எண்டு சொன்னேன்தானே, சேர்” என்றான் அவன். அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பழைய ஒழுங்கையாலேயே நடந்து வந்தான். அது போதுமாயிருந்தது.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னர் எண்ணெயைப் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தேன். எண்ணெய் ஒழுக்கை ஆராயப் போய் ஓர் அறிவியற் கிளையே பிறந்த கதையொன்று அங்கே கிடைத்தது. இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்னும் பொறியியலாளர் 1880களில் புகையிரத அச்சுத் தாங்கிகளைச் சோதித்து வந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் அவர் துளையொன்று இட, அச்சுச் சுழலும்போது அதன் வழியே எண்ணெய் மேலெழுந்து வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையால் அடைத்தார், அதுவும் அவ்வாறே ஆயிற்று. வேறொருவராயின் இன்னும் பெரிய முளையைத் தேடியிருப்பார். டவரோ, ‘இதனைத் தள்ளும் விசை யாது?’ என்று கேட்டு, அத்துளையில் அழுத்தமானியைப் பொருத்தினார். அது சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தலுக்கு மேற் காட்டிற்று. சுழலும் அச்சு எண்ணெயைத் தானே இழுத்து, தன்னைத் தாங்கும் அழுத்தப் படலத்தை உண்டாக்குகின்றது என்பது அவ்வாறே வெளிப்பட்டது. 1886இல் ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணித விளக்கம் தந்தார். இன்றைய இயந்திரங்களின் தாங்கிகள் அவ்விளக்கத்தின்மேலேயே சுழல்கின்றன.

வான்வெளியில் நிகழ்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1983ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் திகதி, ஈஸ்டர்ன் எயர்லைன்ஸ் நிறுவனத்தின் 855ஆம் இலக்க விமானம் அமெரிக்காவின் மயாமி நகரிலிருந்து பகாமாத் தீவுகளின் நசோவுக்குப் புறப்பட்டது. மூன்று இயந்திரங்கள் கொண்ட அவ்விமானத்தில் 172 பேர் இருந்தனர். நடு இயந்திரத்தின் எண்ணெய் அழுத்தம் வீழ்ந்ததால் அதனை நிறுத்தி மயாமிக்குத் திரும்பினார்கள். திரும்பும் வழியில் மற்ற இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த வேளையில் நடு இயந்திரத்தை மீண்டும் இயக்கி, பத்திரமாகத் தரையிறக்கினார்கள். எண்ணெயெல்லாம் எங்கே போயிற்று? எண்ணெயில் உலோகத் துகள் உண்டா என்று அறிய ஒவ்வோர் இயந்திரத்திலும் காந்தச் செருகி ஒன்று வைப்பார்கள். முந்திய இரவு புதிய செருகிகளை மாட்டியவர்கள் அவற்றுக்கு உரிய இறப்பர் வளையங்களை இடவில்லை; மூன்றிலும் இடவில்லை. வழக்கமாக வளையம் பொருத்தப்பட்டே வரும் செருகி அன்று வளையமின்றி வந்திருந்தது, எவரும் பார்க்கவில்லை.

விசாரணை செய்தவர்கள் வளையத்தோடு நிற்கவில்லை என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது. மாட்டியவர்கள் விதித்த முறைப்படி செய்யவில்லை என்றார்கள். மேற்பார்வையாளர்கள் அதனைக் கண்டிப்பாகக் கேட்கவில்லை என்றார்கள். இதைப்போன்ற முந்திய நிகழ்ச்சிகளின் பொருளை நிருவாகம் உணரவில்லை என்றும் எழுதினார்கள். எங்கள் முதியவரும் அவ்வாறே பட்டையிலிருந்து மூச்சுக்குழாய்க்கும், குழலிலிருந்து துத்தநாகத்துக்கும், துத்தநாகத்திலிருந்து உரிமையாளருக்கும் ஏறிச் சென்றார். துளி கீழ்நோக்கி இறங்கும். விசாரணை மேல்நோக்கி ஏற வேண்டும்.

நம் கரைக்கு வந்த துன்பம் ஒன்றும் நினைவுக்கு வருகின்றது. 2021ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் தீப்பற்றி, யூன் 2ஆம் திகதி தாழத் தொடங்கிற்று. அதிலிருந்து சிந்திய பிளாத்திக்கு மணிகள் புத்தளம் மாவட்டக் கரையிலும் ஒதுங்கின. அதில் ஏற்றப்பட்டிருந்த நைத்திரிக் அமிலக் கொள்கலன் ஒன்று ஒழுகுவது தீப்பற்றுவதற்குப் பல நாட்கள் முன்னரே தெரிந்திருந்தது. கட்டாரின் ஹமாத் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீராத் துறைமுகத்திலும் அதனை இறக்க முடியவில்லை. அறியப்பட்ட ஒழுக்கு அடைபடாமலே கடல் கடந்து நம்மிடம் வந்தது. சிறிய ஒழுக்கை ‘பிறகு பார்க்கலாம்’ என்று விடுவதற்கு உலகம் கொடுக்கும் விலை இது.

படகோ, உழவு இயந்திரமோ, மோட்டார் வண்டியோ வைத்திருக்கும் நேயர்கள் சிலவற்றை நினைவில் வையுங்கள். எண்ணெயின் மட்டத்தைக் குறித்த நேரத்தில், ஒரே நிலையிற் பார்த்து எழுதி வையுங்கள். கழுவிய பின்னரே தேடுங்கள். உயர்ந்த ஈரத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு வேளைக்கு ஒன்றையே மாற்றுங்கள். பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது நோய் என்பதை அறிய முடியாது. ஆணியை இறுக்குவதே மருந்து என்று எண்ணாதீர்கள். வெளியியந்திரம் வைத்திருப்போர், சுழலித் தண்டிலே தங்கூசி சுற்றியிருக்கின்றதா என்று அடிக்கடி பாருங்கள். அது உள்ளிருக்கும் சீலை அறுத்துவிடும். மாற்றிய பழைய எண்ணெயைக் களப்பில் ஊற்றாதீர்கள்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ நோயையும் நோயின் முதலையும் வேறு பிரித்துக் காட்டுவதை வகுப்பில் எத்தனையோ முறை நான் கற்பித்திருக்கின்றேன். அதன் பொருளை ஒரு வெண்கட்டிப் பொடியே எனக்குக் கற்பித்தது. மீன் பருவம் மாறும்போது எங்கள் பிள்ளைகளிற் சிலர் பெற்றோருடன் தீவுகளின் வாடிகளுக்குச் சென்றுவிடுவார்கள். இடாப்பிலே வெற்றிடம் விழும். முன்னர் அந்த வெற்றிடத்தைக் கண்டதும், ‘சோம்பேறி’ என்று சொல்வது என் வழக்கம். இப்போது அப்பிள்ளையின் வரவை நாள் நாளாகப் பார்க்கின்றேன். வாடைக் காற்றோடும் கச்சானோடும் ஒப்பிட்டுப் பார்க்கின்றேன். பிறகு பெற்றோரைக் கேட்கின்றேன். பெரும்பாலும் ஒழுக்கு அப்பிள்ளையிடம் இருப்பதில்லை.

அந்தப் பயிற்சிக் கொப்பி இன்றும் அப்படகிலேயே இருக்கின்றது. அதில் இப்போது எண்ணெயின் மட்டத்தை நாள்தோறும் குறித்து வருபவன் அந்த இளைஞன். புதிய துத்தநாகத் துண்டு வாங்க வேண்டிய திகதியையும் அவனே சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கின்றான். என் மைத்துனர் இப்போது விலை கேட்பதில்லை.